மூன்றாவது சிடி

என் மாமாவோடு உட்கார்ந்து ஒரு சினிமாவை நிம்மதியாகப் பார்த்து முடித்தவர் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் கிடையாது. பாதியில் எழுந்து போனவர்கள் உண்டு. டிவியை அணைத்துவிட்டு மாவாட்டப் போனவர்கள் உண்டு. என் சித்தி ஒருமுறை ரிமோட்டை அவர் மேலேயே எறிந்திருக்கிறாள். மாமா என்றால் என் அம்மாவின் உடன்பிறந்த தம்பி. உப்பு லாரி ஓட்டியவர். அவர் லாரி ஓட்டிய நேரம்போக மீதி நேரமெல்லாம் சினிமாவைக் குறை சொல்லியே கழிந்தது.

போன மாதம்கூட ராமநாதபுரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார். எல்லோரும் புகழ்கிறார்களே என்று ஒரு புதுப் படத்தைப் போட்டேன். பெயர் ஓடி முடிவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "ஏன் தாயி, இந்தப் பயலுக கரண்டு பில்லு கட்டலையா? எல்லாச் சீனும் இருட்டாவே கெடக்கு." பத்து நிமிடம் கழித்து, இத்தனை பேரை வெட்டுகிறானே, ஒருத்தன் வீட்டிலாவது இழவு விழுந்ததைக் காட்டினானா, ஒருத்தன் பெண்டாட்டியாவது வந்து அழுதாளா என்று கேட்டார். இடைவேளைக்குப் பிறகு, மீதிக் கதை இரண்டாம் பாகத்தில் என்று தெரிந்ததும் அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே, நான்தான் அந்தப் படத்தை எடுத்த மாதிரி என்னை முறைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

சரி, மனிதருக்குப் பழைய படம்தான் பிடிக்கும்போல என்று நினைத்தால் அதுவும் இல்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதாநாயகன் பாடுவான். நானெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பேன். மாமா பக்கத்திலிருந்து, சாகப்போகிறவன் பல்லவியும் இரண்டு சரணமும் பாடுகிறான், டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறான், அவனை முதலில் பிடித்து உள்ளே போட வேண்டும் என்பார். கடலைக் காட்டினால் கேட்கவே வேண்டாம். தனுஷ்கோடியில் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு ஆடுகிறாளே, அங்கே அடிக்கிற காற்றில் மணல் கண்ணைப் பிடுங்குமே, இவளுக்கு மட்டும் முடிகூடக் கலையவில்லையே என்பார். ஒரு படத்தில் உப்பளத்தில் கதாநாயகி வெறுங்காலோடு ஓடி வந்தபோது தியேட்டரிலேயே எழுந்து நின்று கத்தியிருக்கிறார் என்று கேள்வி.

எனக்கும் அபிப்பிராயங்கள் உண்டு. பழைய படங்களில் அழுகை அதிகம்தான், ஆனால் யாருக்காக அழுகிறார்கள் என்று தெரியும். இப்போதைய படங்களில் துப்பாக்கி தெரிகிறது, முகம் தெரிவதில்லை. அதைவிட, இப்போதைய படங்களில் யாரும் சோறு தின்பதில்லை. இரண்டரை மணி நேரம் பட்டினி கிடக்கிறார்கள். இதையெல்லாம் நான் படம் முடிந்தபிறகுதான் சொல்வேன். மாமா படம் ஓடும்போதே சொல்வார். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

அவரிடம் இருந்த இன்னொரு கெட்ட பழக்கம், முடிவைச் சொல்லிவிடுவது. நான் வளர்ந்தது வாலிநோக்கம் பக்கத்தில், உப்பளத்தை ஒட்டிய ஊர். புதுப் படம் சாயல்குடிக்கு வந்து சேரவே மாசக்கணக்காகும். மாமா உப்பு ஏற்றிக்கொண்டு மதுரை, திருநெல்வேலி என்று போகிறவர். லோடு இறக்கும் நேரத்தில் படம் பார்த்துவிட்டு வந்துவிடுவார். லாரியை நிறுத்தி இறங்கும்போதே, அதுல தம்பிதான் தாயி கொலைகாரன் என்பார். அத்தோடு அந்தப் படம் எனக்குச் செத்தது. இப்படி அவர் கொன்ற படங்களை எண்ணி மாளாது.

எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த வாரத்தில் நான் பெரியமனுஷி ஆனேன். எங்கள் வழக்கப்படி பச்சை ஓலையில் தாய்மாமன் குச்சு கட்ட வேண்டும். பெண்ணை அதற்குள் உட்கார வைப்பார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை ஆண்கள் கண்ணில் படக்கூடாது. மாமா லாரியை ஓரம் கட்டிவிட்டு வந்து, பனையேறி ஓலை வெட்டிப்போட்டு, ஒரே மூச்சில் குச்சைக் கட்டினார். கட்டும்போதும் வாய் ஓயவில்லை. ஒரு படத்தில் குச்சு கட்டும் காட்சியில் காய்ந்த ஓலையை வைத்து எடுத்திருந்தார்களாம். ஒன்பது நாள் இருக்கப்போகிற பிள்ளைக்கு இந்த வெயிலில் காய்ந்த ஓலையையா கட்டுவான், மடப்பயல் என்று அந்த டைரக்டரைத் திட்டிக்கொண்டே முடிச்சுப் போட்டார்.

அந்த நாளில் விசேஷ வீட்டில் டிவியும் சிடி பிளேயரும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவது எங்கள் பக்கத்தில் கட்டாயம்போல ஆகியிருந்தது. கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு படம். ஒன்று பெரியவர்களுக்காக அய்யா, அதாவது என் அப்பா, சொன்ன பழைய படம். இன்னொன்று என் இஷ்டம் என்று அய்யாவே வாக்குக் கொடுத்திருந்தார். நான் எந்தப் படத்தைக் கேட்பேன் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த வருஷம் வந்த ஒரு கிராமத்துப் படம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அதன் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தோம். மாமா அதைத் திருநெல்வேலியில் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முடிவைச் சொன்னால் இனி உங்களோடு பேசவே மாட்டேன் என்று மிரட்டிச் சத்தியம் வாங்கியிருந்தேன். ஆச்சரியமாக, அந்த ஒரு படத்துக்கு மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை.

திறக்காதவர், படத்தையே மாற்றப் பார்த்தார். சாயல்குடிக்குப் போய் சிடி எடுத்து வரச் சொன்னால், வேறு ஏதோ சிரிப்புப் படத்தோடு வந்து நின்றார். நான் கேட்ட படம் மட்டமான படம், விசேஷ வீட்டில் போடத் தகாது என்று ஓலைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வருகிற படத்தையெல்லாம் மட்டம் என்கிற மனிதர், என் விசேஷத்திலும் வந்து அதையே சொன்னால்? குச்சுக்குள் இருந்து நான் போட்ட அழுகையில் அம்மா வந்து தம்பியை விரட்டினாள். அவர் மறுபடி சாயல்குடி போய் நான் கேட்ட படத்தையே வாங்கி வந்தார். ஒரு படம் மூன்று சிடி.

பகல் வெளிச்சத்தில் டிவி தெரியாது என்று பந்தலைச் சுற்றி அம்மாவின் சேலைகளை இழுத்துக் கட்டினார்கள். டிவியைப் பந்தலின் ஒரு கோடியில் பெஞ்சு மேல் வைத்தார்கள். சொந்தபந்தம் எல்லாம் பாயில் உட்கார்ந்தது. குச்சு இருந்தது டிவிக்குப் பக்கவாட்டில். அதன் வாசலோ வீட்டுச் சுவரைப் பார்த்து இருந்தது. அப்போதுதான் எனக்கு விஷயமே உறைத்தது. என் விசேஷம், என் படம், ஊரே பார்க்கப் போகிறது, நான் மட்டும் பார்க்க முடியாது. கொண்டை ஊசியால் ஓலையில் ஓட்டை போட்டுப் பார்த்தேன். டிவி மேல் போட்டிருந்த துண்டின் நுனியும், அத்தையின் ஒரு காதும் தெரிந்தன.

மாமா வந்து குச்சுக்கு வெளியே, எனக்கு முதுகைக் காட்டி, ஓலையில் சாய்ந்து உட்கார்ந்தார். காதால் கேட்டுக்கொள், படத்தில் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன் என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம் தணிந்தது. தணிந்திருக்கக் கூடாது. பழைய படம் முழுக்க அவர் சொன்ன கதை இவ்வளவுதான்: இந்த அம்மா விளக்கை ஊதி அணைக்கிறாள், இனி இருபது வருஷம் கழித்துத்தான் காட்டுவான். இவன் மரு ஒட்டிக்கொண்டு வந்தால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, பெற்ற தாய்க்குமா தெரியாது? அங்கே ஜட்ஜ் கதாநாயகனை ஒருமையில் பேசுகிறான். உள்ளே நான், இப்ப யாரு மாமா அழுறது, அந்தச் சத்தம் என்ன மாமா என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். அவர், சத்தமெல்லாம் சரியா வைக்கல தாயி, குதிரை நின்னப்புறமும் குளம்புச் சத்தம் வருது என்கிறார். இப்படி ஒரு கண்ணை நம்பி யாரும் படம் பார்த்திருக்க மாட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் படம். முதல் சிடி நன்றாகப் போனது. கதை எங்கள் மாதிரியே ஒரு ஊர். கதாநாயகி படிக்கிறவள். மேல்படிப்புக்கு டவுனுக்குப் போக ஆசை. அவளுக்கு ஒரு முறைமாமன், டிராக்டர் வைத்திருக்கிறவன். இரண்டாவது சிடியில் அவளுக்குச் சடங்கு சுற்றிய பழைய காலம் வரும். மாமன் சீர்த்தட்டோடு ஆடிக்கொண்டு வரும் அந்தப் பாட்டு வந்தது. பந்தலில் ஒரே கைதட்டல். கை தட்டி முடித்த சூட்டோடு என் அத்தை, அய்யாவின் அக்கா, பேச்சை எடுத்தாள்.

"இங்கனயும் அதானே நடக்குது. புள்ள எட்டு முடிச்சிருச்சு. இனிமே தினம் பஸ்ஸேறி சாயல்குடி போயி என்னத்தப் படிக்கணும்? மாமன் இருக்கான். இன்னைக்கே பேசி வச்சுட்டு, ரெண்டு மூணு வருசத்துல முடிச்சு விட்ருங்க."

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பதாவதற்கு என்னை அனுப்புவதா, வீட்டில் வைப்பதா என்று ஒரு மாதமாகவே பேச்சு இருந்தது. அய்யாவுக்கு இரண்டு மனசு. அம்மாவுக்கு ஒரே மனசு. தம்பி வீட்டுக்கே மகள் போய்விட்டால் அவள் கவலை தீர்ந்தது. தம்பி வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அம்மா சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பக்கத்தில் சொந்தமெல்லாம் கூடியிருக்கும் பந்தலில் முறைமாமன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பிள்ளையிடம் என்ன குறை கண்டான் என்றுதான் ஊர் கேட்கும். அக்காவுக்கும் தலைகுனிவு. சரி என்றுவிட்டால் என் புத்தகப்பை அன்றோடு பரணுக்குப் போயிருக்கும்.

எனக்கு இதெல்லாம் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. நான் இருந்த எரிச்சலில், இவர்கள் பேச்சில் வசனம் கேட்காமல் போகிறதே என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அய்யா நேராகவே கேட்டார். "மாப்ள, நீங்க என்ன சொல்றீக?"

ஓலைக்கு வெளியே மாமாவின் முதுகு அசைந்தது தெரிந்தது. "படம் முடியட்டும் மச்சான்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஒன்றுமே பேசவில்லை. நான் தட்டித் தட்டிக் கேட்டும் பதில் இல்லை. குறை சொல்வதையும் நிறுத்திவிட்டார். நாலு மணி நேரம் வாயை மூடாத மனிதர், எனக்குக் கதை தேவைப்பட்ட இடத்தில் ஊமையாகிவிட்டால் எப்படி இருக்கும்? ஓலை வழியாகக் கொண்டை ஊசியால் ஒரு குத்துக் குத்தினேன். அதற்கும் அவர் திரும்பவில்லை.

இரண்டாவது சிடி முடிந்த இடம் அப்படி. கதாநாயகி பெட்டியோடு பஸ்ஸில் ஏறிவிட்டாள். மாமன்காரன் டிராக்டரை எடுத்துக்கொண்டு துரத்துகிறான். பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே போட்டு மறிக்கிறான். பிரேக் போடும் சத்தம். அத்தோடு சிடி நின்றது. பந்தலே ஐயோ என்றது. மாமாதான் எழுந்துபோய் மூன்றாவது சிடியைப் போட்டார். ஓடவில்லை. எடுத்து வேட்டியில் துடைத்து மறுபடி போட்டார். ஓடவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, கீறல் விழுந்திருக்கிறது, இனி ஓடாது என்று சொல்லி உறைக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க எல்லாப் படத்தின் முடிவையும் கேட்காமலே சொன்ன மனிதரிடம், சொல்லக் கூடாது என்று நானே சத்தியம் வாங்கிய படம் இது. பந்தலில் அந்தப் படத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், முடிவைச் சொல்லுங்கள் மாமா என்று உள்ளேயிருந்து கத்தினேன். எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள்.

"சொல்லுங்க மாப்ள, எப்பிடித்தான் முடியுது?" என்று அய்யாவும் கேட்டார்.

மாமா டிவியை அணைத்துவிட்டு, பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றே சொன்னார். மாமன்காரன் பஸ்ஸில் ஏறுகிறான். உள்ளே ஒரே அமைதி. கண்டக்டர் ஒதுங்கிக்கொள்கிறான். இவன் மடியில் கைவிட்டதும் தாலியைத்தான் எடுக்கப் போகிறான் என்று தியேட்டரில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இந்த இடத்தில் பந்தலும் மூச்சைப் பிடித்தது. நானும் பிடித்தேன்.

"தாலி இல்ல. சாப்பாட்டுத் தூக்கு. புள்ள மறந்து வச்சுட்டு வந்துருச்சு. அதைக் கையில குடுத்துட்டு, நேரத்துக்குத் தின்னு தாயின்னு சொல்லிட்டு, ரைட் போலாம்னு எறங்கிப் போறான். அம்புட்டுத்தான் படம்."

அத்தைதான், அப்ப அவன் கட்டிக்கிறலையா என்றாள்.

"தூக்கி வளத்த புள்ளைய எப்பிடிக் கட்டுவான்? அது மூக்கச் சிந்தி விட்டவன் அவன். அவன் மனசுல அது மகதான். படிக்கட்டும்னு விட்டுட்டான்."

"வேணாம்னு ஒதுக்கிட்டான்னு ஊரு பேசாதா மாப்ள?" என்று கேட்டது அய்யா.

"ஒதுக்குறவன் எதுக்கு மச்சான் சோத்தைத் தூக்கிட்டுப் பஸ்ஸுக்குப் பின்னால ஓடுறான்?"

அய்யா எல்லோருக்கும் காப்பி கொடுக்கச் சொன்னார். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். படம் அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கோ தாங்க முடியாத ஏமாற்றம். இதுவா ஒரு முடிவு? ஒரு தூக்குச் சோற்றுக்காகவா அவன் டிராக்டரைப் போட்டுப் பஸ்ஸை மறித்தான்? அதற்கா இத்தனை பாட்டு, இத்தனை சண்டை? மாமா மட்டம் என்று சொன்னது சரிதான் என்று வாழ்க்கையில் முதன்முறையாக அவரோடு ஒத்துப்போனேன். தண்ணீர் ஊற்றி முடிந்தபின் பார்க்கிற சிநேகிதிகளிடமெல்லாம், அந்தப் படத்தைப் பார்க்காதீர்கள், முடிவு சப்பென்று இருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் அய்யாவே என்னைச் சாயல்குடிக்குக் கூட்டிப்போய் ஒன்பதாவதில் சேர்த்தார். நான் பரீட்சையில் முதலாவதாக வந்ததற்காக என்று எண்ணிக்கொண்டேன். இரண்டாம் வாரம் ஒரு நாள் காலை, பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஓட்டத்தில் சாப்பாட்டை மறந்துவிட்டேன். உப்பளம் தாண்டி வளைவில் பஸ் திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. எங்களை முந்திக்கொண்டு போய்க் குறுக்கே நின்றது. உப்பு மூட்டை ஏற்றிய லாரி. மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். கையில் என் டிபன் பாக்ஸோடு பஸ்ஸுக்குள் ஏறினார்.

பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. டிபன் பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு, சினிமாவில் வந்ததையெல்லாம் இப்படி ஊரறியச் செய்து காட்ட வேண்டுமா என்று மாமாவைக் கேட்டேன்.

"அவன் டிராக்டருல வந்தான் தாயி. நான் லாரில வந்துருக்கேன்ல" என்றார். கண்டக்டரிடம் "ரைட் போலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்தப் படத்தின் நிஜமான முடிவை நான் பார்த்தது மதுரையில், கல்லூரி விடுதி டிவியில். பஸ்ஸை மறித்து ஏறுகிற மாமன்காரன் மடியில் கைவிட்டுத் தாலியை எடுக்கிறான். அவள் கையிலிருந்து புத்தகம் விழுகிறது. மறித்து நிறுத்திய பஸ்ஸிலேயே கட்டி முடிக்கிறான். கண்டக்டர் விசில் ஊதுகிறான், பூ தூவுகிறார்கள், அந்தப் பாட்டு மறுபடி வருகிறது. விடுதிப் பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். நான் இன்னும் சாப்பாட்டுத் தூக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சிடியில் நிஜமாகவே கீறல் இருந்ததா என்று இன்றுவரை நான் மாமாவைக் கேட்கவில்லை. போன மாதம் வந்திருந்தபோது கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் இரண்டாம் பாகத்தைத் திட்டிக்கொண்டிருந்தார், விட்டுவிட்டேன். அன்றைக்குப் பஸ்ஸில், மடியில் சூடாக இருந்த டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த பிள்ளைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சினிமா பார்த்துப் பார்த்தே மாமா கெட்டுப்போய்விட்டார்.